ஒதுங்கிய இடம்

போலந்தின் கிழக்கு ஓரத்தில், பெலாரஸ் எல்லையைத் தொட்டுக்கொண்டு பியாவோவியேஜா என்றொரு காடு இருக்கிறது. இரண்டு நாட்டுப் பகுதியையும் சேர்த்தால் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். ஐரோப்பியச் சமவெளியில் கோடரிக்குத் தப்பிய கடைசிப் பெருங்காடுகளில் ஒன்று. அங்கே ஓக் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் தாமாக முளைத்து, தாமாக முதிர்ந்து, தாமாக விழுந்து, விழுந்த இடத்திலேயே மட்கிப்போகும். தேசியப் பூங்காவின் கடுங்காவல் பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. சுற்றுப்பட்ட கிராமங்களில் விடுதிப் பலகை, அஞ்சலட்டை, மது பாட்டில் என்று எங்கே பார்த்தாலும் ஒரே விலங்கின் படம்தான்: திமில் உயர்ந்து, தாடி தொங்க, பழுப்பு நிறத்தில் நிற்கும் ஐரோப்பிய பைசன். காட்டின் அரசன் என்பது அதற்கு அந்த ஊரில் வழங்கும் பட்டம்.

அரசனைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் சொல்லுங்கள். குளிர்காலமாக இருந்தால் விடியும் முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவார். ஆனால் வண்டி காட்டுக்குள் போகாது. காட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் விரிந்து கிடக்கும் வயல்வெளிப் பக்கம் போகும். ஓரிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, பைனாகுலரை எடுத்து, மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்துக்கொண்டே வருவார். மூட்டம் கலைய ஆரம்பிக்கும்போது தூரத்தில் கருந்திட்டுகள் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அறுவடைக்குப் பின் விட்டுவைத்த வைக்கோல் போர்கள் என்றுதான் முதலில் படும். பிறகு அதில் ஒரு போர் தலையைத் தூக்கும்.

தோள் வரை ஆறடி, தொள்ளாயிரம் கிலோ வரை எடை. ஒரு காளை அவ்வளவு வரை வளரும். முதுகு ரோமத்தில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கிறது. அவ்வளவு அடர்த்தியான மயிர், உடம்புச் சூடு வெளியே வருவதில்லை. மூக்கிலிருந்து மட்டும் ஆவி. அகலமான முகவாயால் பனியை இடமும் வலமுமாகத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் குளிர்காலப் பயிரைக் கடித்து இழுக்கிறது. பக்கத்தில் மற்றொன்று, இன்னொன்று. வயலுக்குச் சொந்தக்காரர் சேதத்துக்கு அரசிடம் இழப்பீடு கேட்டு எழுதுவார். அது தனிக் கதை. வண்டியில் இருப்பவர்கள் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். பின்னணியில் மரவரிசை வருகிற மாதிரி கோணம் பார்த்துத்தான் எடுப்பார்கள். வயல் தெரிந்தால் படம் கெட்டுப்போகும் அல்லவா. அரசன் காட்டில் இருக்க வேண்டும்.

அந்த வண்டியில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காட்டின் அரசன் ஏன் வயலில் நிற்கிறான்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பியாவோவியேஜா ரஷ்யப் பேரரசர்களின் வேட்டைக்காடாக இருந்தது. அரசர் சுட வேண்டும் என்பதற்காகவே மற்றவர்கள் சுடக் கூடாது என்று காவல் போட்டார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் காவல் காவல்தான். முதல் உலகப் போர் தொடங்கியபோது எழுநூறுக்கு மேல் பைசன்கள் அங்கே உயிரோடு இருந்தன. 1915இல் ஜெர்மானியப் படை காட்டைப் பிடித்தது. பசித்த வீரர்கள், பின்வாங்கும் படைகள், துப்பாக்கி கைக்கு வந்துவிட்ட கிராமத்தார் என்று எல்லோருமாகச் சேர்ந்து நாலே வருடத்தில் கணக்கை முடித்தார்கள். 1919இல் அங்கே காட்டு பைசன் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. காகசஸ் மலையில் இருந்த இன்னொரு வகையும் 1927இல் முடிந்தது. இயற்கையில் ஐரோப்பிய பைசன் என்ற விலங்கே அத்தோடு இல்லை.

மிஞ்சியவை விலங்குக்காட்சி சாலைகளிலும் பிரபுக்களின் தனித்தோட்டங்களிலும் இருந்தவை. ஐம்பத்துச் சொச்சம். அதிலும் வாரிசு விட்டவை பன்னிரண்டே. இன்று உலகத்தில் உள்ள ஒவ்வோர் ஐரோப்பிய பைசனும் அந்தப் பன்னிரண்டின் பிள்ளை. பியாவோவியேஜாவில் இன்று திரிகிற சமவெளி வகைக்கோ ஏழுதான் மூதாதைகள். 1865இல் ப்ளெஸ் நகரத்துப் பிரபு ஒருவர் மான்களைக் கொடுத்து மாற்றாக வாங்கிய நாலு பைசன்களின் வழித்தோன்றல்கள் போருக்குப் பின் மூன்றாகச் சுருங்கி நின்றன. ப்ளெபேயர் என்ற காளையும் ப்ளாண்டா என்ற பசுவும் அந்த மந்தையைச் சேர்ந்தவை. சமவெளி வகையின் மரபணுவில் பெரும்பங்கு இந்த இரண்டு உயிர்களிடமிருந்து வந்தது.

இவ்வளவு குறுகிய வழியில் ஓர் இனத்தை மீட்க வேண்டுமென்றால் யாருக்கு யார் பிறந்தது என்று எழுதிவைத்தாக வேண்டும். வம்சாவளிப் புத்தகம் ஒன்றை 1932இல் அச்சிட்டார்கள். ஒவ்வொரு பைசனுக்கும் ஓர் எண், ஒரு பெயர். ப்ளெஸ் வழிக் கன்றுகளுக்கு ‘ப்ள’ என்றும் போலந்தின் மற்றக் கன்றுகளுக்கு ‘போ’ என்றும் பெயர் தொடங்கும். இப்படிப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பூர்வீகம் தெரிந்துவிடும் ஏற்பாடு நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. இந்த நோட்டை இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் மறுபடி தூக்கி நிறுத்தியவர் யான் ஜாபின்ஸ்கி. வார்சா விலங்குக்காட்சி சாலையின் இயக்குநர். 1939இல் குண்டுவீச்சில் அந்தக் காட்சிசாலை நாசமானது. விலங்குகள் செத்தன, மிஞ்சியவற்றை ஜெர்மானியர்கள் ஓட்டிப்போனார்கள். காலியான கூண்டுகளிலும் தம் வீட்டு நிலவறையிலும் அவரும் மனைவி அன்டோனினாவும் சுமார் முந்நூறு யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். மனிதர்களை விலங்குக் கூண்டில் பதுக்கிவைத்த அதே கை, போர் முடிந்ததும் விலங்குகளின் குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்தது. இதை நான் பைசன் கதையின் ஓரக்குறிப்பாகப் பார்க்கவில்லை. உயிர் பிழைக்கக் கூண்டுக்குள் இருந்தவர் கூண்டுக்குரியவர் அல்லர் என்பது ஜாபின்ஸ்கிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

1929இல் சில பைசன்களைப் பியாவோவியேஜாவுக்குக் கொண்டுவந்து வேலிக்குள் வளர்த்தார்கள். 1952இல் முதன்முதலாக வேலிக்கு வெளியே விட்டார்கள். அங்கிருந்து மற்றக் காடுகளுக்கு, மற்ற நாடுகளுக்கு. 2003இல் ஐரோப்பா முழுவதும் சுதந்திரமாகத் திரிந்தவை சுமார் 1,800. 2019இல் 6,200ஐத் தாண்டின. 2020 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அபாயப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கியது. வனவிலங்குப் பாதுகாப்பில் இப்படி நல்ல செய்தி வருவது அபூர்வம். பூச்சியத்திலிருந்து ஆறாயிரம். இதைச் செய்தவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கும்பிடலாம்.

கும்பிட்ட பிறகு வயலுக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

குளிர்காலத்தில் பியாவோவியேஜா காட்டின் நடுவே சில இடங்களில் காய்ந்த புல் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அரசர்கள் காலத்திலிருந்தே நடக்கும் வழக்கம் இது. கொட்டாவிட்டால் பைசன்கள் மரப்பட்டையை உரித்துத் தின்னும், அல்லது வயலுக்கு வரும். கொட்டினாலும் வருகின்றன என்பது வேறு விஷயம். கொட்டுகிற இடத்தில் மாதக்கணக்கில் கூட்டமாக நிற்பதால் குடற்புழு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எளிதாகப் பரவுகிறது. குறிப்பாக, ரத்தம் உறிஞ்சும் ஒரு வகைப் புழு மான்களிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மூதாதைகள் ஏழே என்பதால் நோயைத் தாங்கும் சக்தியும் பலவகைப்பட்டதாக இல்லை. வம்சத்தைக் காக்கக் கொடுத்த உணவே நோய் பரவும் வழியாகிறது.

இங்கேதான் எளிய கேள்வி ஒன்று வருகிறது. தன் சொந்த வீட்டில் வாழும் விலங்குக்கு ஏன் சோறு போட வேண்டியிருக்கிறது?

2012இல் தென்னாப்பிரிக்காவின் கிரஹாம் கெர்லி, பியாவோவியேஜாவிலேயே பைசனை ஆராய்ந்துவரும் ரஃபால் கோவால்சிக், யோரிஸ் க்ரோம்சிக்ட் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் சொன்ன பதில் இது: பைசன் காட்டு விலங்கே அல்ல, காட்டில் தஞ்சம் புகுந்த விலங்கு. அகதி இனம் என்று அதைக் குறிப்பிட்டார்கள். அகன்ற முகவாய் புல்லை வாரித் தின்பதற்கு ஏற்றது. பற்களும் மேய்கிற விலங்கின் பற்களே. மூன்று ஆண்டுகள் கழித்து இன்னோர் ஆய்வு, பனியுகம் முடிந்த பிற்பாடு வட ஐரோப்பாவில் வாழ்ந்த பைசன்களின் எலும்புகளைச் சோதித்தது. எலும்பில் தங்கியிருக்கும் தனிம வேறுபாடுகளைக் கொண்டு அந்த உயிர் எதைத் தின்று வளர்ந்தது என்று கணக்கிட முடியும். அவை திறந்த வெளியில் வாழ்ந்தவை என்றே முடிவு வந்தது.

பிறகு என்ன நடந்தது என்பதை ஊகிக்க ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. உழவு பரவியது. நல்ல சமவெளியையும் ஆற்றோரப் புல்வெளியையும் மனிதன் எடுத்துக்கொண்டான். வெளியில் நின்ற பைசனைக் கொன்றான். மரங்களுக்குள் ஒளிந்தது மட்டும் பிழைத்தது. அரசனின் வேட்டைக்காடு என்பதால் அங்கே காவலும் கிடைத்தது. ஆயிரக்கணக்கான வருடம் கழித்து விலங்கியல் அறிஞர்கள் வந்து பார்த்தபோது பைசன் காட்டில் நின்றது. காட்டு விலங்கு என்று எழுதினார்கள். அப்படி எழுதிவைத்ததால் மறுபடி விடும்போதும் காட்டிலேயே விட்டார்கள். காட்டில் குளிர்காலத்துக்குப் போதிய தீனி இல்லை என்பதால் புல் கொட்டினார்கள். புல் கொட்டியதால் அது காட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. வெளியே வராததால் காட்டு விலங்கு என்பது மறுபடியும் உறுதியானது. பார்த்தீர்களா, இந்த வட்டத்தில் எந்த இடத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள்.

இதை ஏற்காதவர்களும் உண்டு. காட்டிலும் பைசன் வாழத்தானே செய்கிறது, கன்று போடத்தானே செய்கிறது என்பார்கள். உண்மை. வாழ முடிவது வேறு, செழிப்பது வேறு என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில். நெதர்லாந்தின் கடற்கரையில் க்ரான்ஸ்ஃப்ளாக் என்ற மணற்குன்றுப் பகுதி இருக்கிறது. 2007இல் அங்கே பைசன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கடற்காற்று, குட்டைப் புதர், புல், அங்கங்கே கொஞ்சம் மரம். யாரும் தீவனம் போடுவதில்லை. அவை பெரும்பாலும் புல்லையே மேய்ந்துகொண்டு, புழுதியில் புரண்டுகொண்டு, மந்தையைப் பெருக்கிக்கொண்டு நன்றாகவே இருக்கின்றன. அங்கேயும் வழிகாட்டியோடு நடைப்பயணம் உண்டு. காட்டின் அரசன் என்று அந்த மணல்மேட்டில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்கக் கதையும் இதே திசையில்தான் போனது. கோடிக்கணக்கில் புல்வெளியில் திரிந்த அமெரிக்க பைசன்களை ஒரு தலைமுறைக்குள் சுட்டுத்தள்ளியபின், 1902இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் இரண்டு டஜன் போலத்தான் மிஞ்சியிருந்தன. அவை ஒளிந்திருந்தது பெலிக்கன் பள்ளத்தாக்கு என்னும் பனி கொட்டும் மலைப்பகுதி. பைசனுக்குப் பிடித்த இடம் என்று அதைச் சொல்ல முடியாது. வேட்டைக்காரன் வர யோசித்த இடம், அவ்வளவுதான். அமெரிக்கர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. புல்வெளியில் பைசன் மேய்ந்ததைக் கண்ணால் பார்த்த மக்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். தாத்தா சொன்ன கதையாகவேனும் அது எல்லோருக்கும் தெரியும். அதனால் பைசன் மலைக்கே உரிய விலங்கு என்ற எண்ணம் அங்கே நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சமவெளியில் பைசனைப் பார்த்தவர்கள் செத்து எத்தனையோ ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. ஞாபகம் அறுந்துபோன இடத்தில் கண்ணுக்குத் தெரிவதையே ஆதி என்று எடுத்துக்கொண்டோம்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதைத்தான். ஓர் உயிர் எங்கே தப்பிப் பிழைத்ததோ அந்த இடத்தையே அதன் இயல்பு என்று நாம் எழுதிவிடுகிறோம். துரத்தியவர்களே பிற்பாடு அன்போடு வந்து, ‘இதற்கு இந்த இடம்தான் பிடிக்கும்’ என்று பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அன்பு போலி இல்லை. பலகைதான் தவறு. ஆனால் அந்தப் பலகையை வைத்துத்தான் அடுத்த நூறு வருடத்துக்கு அதற்கு எவ்வளவு நிலம், என்ன தீனி, எங்கே வேலி என்பதெல்லாம் முடிவாகிறது.

விலங்குகளோடு இது நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே படித்து, முகாமிலேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களை ‘முகாம்காரங்க’ என்று சொல்வதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் பத்தடி அறையில் குடும்பம் நடத்துவது அவர்களுக்குப் பழகிவிட்டது என்று அடுத்த வாக்கியம் வரும்போது கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். பழகிவிட்டது என்றால் யாருக்கு? பியாவோவியேஜா காட்டுக்குள்ளேயே 2021 முதல் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த மனிதர்கள் ஒளிந்து நடந்தார்கள். சிலர் அங்கேயே குளிரில் இறந்தார்கள். அடுத்த வருடம் போலந்து அரசு எல்லையில் 186 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்புச் சுவர் எழுப்பியது. அது காட்டையும் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. அந்தப் பக்கத்து பைசனுக்கும் இந்தப் பக்கத்து பைசனுக்கும் இடையே சோவியத் காலத்திலிருந்தே வேலி உண்டு. இப்போது அது இன்னும் உயர்ந்திருக்கிறது.

நம்முடைய மலைக்கு வருவோம். கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டுமாடு தெருவில் நடந்து போவது இப்போது செய்திகூட அல்ல. தேயிலைச் சரிவில் மேய்கிறது, விடுதி வாசலில் நிற்கிறது, பள்ளிக்கூட மைதானத்தில் படுக்கிறது. யாராவது கிட்டே போய்ச் செல்ஃபி எடுக்கப் பார்த்து முட்டு வாங்குகிறார்கள். ‘காட்டை விட்டு ஊருக்குள் வந்துவிட்டது’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. பைசனைப் போலவே இதுவும் மேய்கிற மாடு. பழனி மலையின் மேற்பரப்பு ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. பள்ளங்களில் மட்டும் சோலை. அந்தப் புல்லைத் தரிசு என்று கணக்கெழுதி, வாட்டில், பைன், தைலமரம் என்று வரிசையாக நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கே இருந்த இயற்கைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துபோனதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு சொல்கிறது. பைன் மரத்தின் கீழ் புல் முளைக்காது. பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நமக்கு அது காடு. மாட்டுக்கு அது காலியான தட்டு. புல் இருக்கிற இடத்துக்கு அது வருகிறது. இப்போது எளிதாகப் புல் கிடைப்பது விடுதியின் முன்புறப் புல்தரையிலும் மைதானத்திலும்தான். இதில் ஊருக்குள் வந்தது யார் என்பது விவாதத்துக்குரியது.

போலந்தில் சில இடங்களில் இப்போது வேறு வழி பார்க்கிறார்கள். காட்டோரத்து விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் புல்வெளியை பைசனுக்கென்று ஒதுக்கி, அறுத்த புல்லை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லிப் பணம் தருகிறார்கள். இது செலவு பிடிக்கும் வேலை. கூட்டம் சிதறி மேய்கிறது என்பதால் இதுவே சரியான வேலையும்கூட. பழனியிலும் நீலகிரியிலும் அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. நிதியும் ஆளும் போதவில்லை. மரத்தை வெட்டுகிறார்களே என்று கூச்சல் போடாமல் இருந்தாலே நாம் அதற்குச் செய்யும் பெரிய உதவி.

முதுமலையிலோ டாப்சிலிப்பிலோ வனத்துறை வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலங்கு தெரியவில்லை என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். தெரிந்தால் சத்தம் போடாதீர்கள். வண்டி திரும்பி வருகையில், அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, ‘முன்னாடி இதெல்லாம் எங்கண்ணே மேயும்?’ என்று கேளுங்கள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தால் கையை நீட்டி இடத்தைக் காட்டுவார். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.